உயர்த்திய வண்டியும் தடுமாறும் ஸ்டீரிங்கும்

(செராஸில் தோட்ட வாகன ஓட்டுநர்களும் தொழிலாளர்களும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





சேமிப்பின் அவசியம், பிள்ளைகளின் கல்வி, வீட்டுச் சுகாதாரம் ஆகியவற்றைப் பற்றி உங்களிடையே பேசுவதே எங்கள் வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்டுள்ள பொருளோ சற்று வேறுபட்டது. ஜீப் போன்ற நான்கு சக்கர இயக்க வண்டிகளை உயர்த்திக் கட்டிய பின்னர் அவற்றின் ஸ்டீரிங் நிலைகொள்ளாது தடுமாறுவது ஏன், அதனைச் சரிசெய்வது எவ்வாறு என்பதே அப்பொருள். இது பட்டறைக்காரர்களின் கவலையன்றோ என்று சிலர் எண்ணக்கூடும். பட்டறையிலிருந்து வெளிவந்த வண்டியில் ஏறி அமர்பவர்கள் நாமும் நம் பிள்ளைகளும் அல்லவா? ஆகவே இது நம் எல்லோருடைய கவலையுமாகும்.

மண் சடக்கும் தார்ச் சாலையும்

நாம் கூடியிருக்கும் இந்தச் செராஸ், இன்று அடுக்குமாடி வீடுகளும் அங்காடிகளும் நிறைந்த நகரப் பகுதியாக விளங்குகின்றது. 2017ஆம் ஆண்டு முதல் எம்.ஆர்.டி. இரயிலும் இவ்வழியாகக் காஜாங் வரை ஓடிக்கொண்டிருக்கின்றது. ஆயினும், இதே சாலை சென்றடையும் காஜாங் வட்டாரத்தில்தான், 1890களில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் இன்ச் கென்னத் தோட்டத்தில் ரப்பரைப் பயிரிட்டனர். மலாக்காவில் டான் சாய் யான் ரப்பர் நட்டதும் அக்காலத்திலேதான். மலாயாவில் ரப்பரை வாணிபப் பயிராக வளர்த்த முன்னோடிகள் இவர்களே. அன்று முதல் தோட்டம் என்றாலே செம்மண் சடக்கு, மழை வந்தால் சேறு, மலைச்சரிவு, பாலமில்லாத ஓடை என்பன நம் வாழ்வோடு கலந்துவிட்டன.

1948ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் ஆம்ஸ்டர்டாம் நகரக் கண்காட்சியில் லேண்ட்ரோவர் வண்டி முதன்முதலாக உலகிற்குக் காட்டப்பட்டது. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் மலாயாவில் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் லேண்ட்ரோவரும், அதனைத் தொடர்ந்து ஜப்பானிய லேண்ட்குரூசர், ஹைலக்ஸ் போன்ற வண்டிகளும் தோட்டச் சடக்குகளில் பழகிய காட்சியாயின. 1993இல் சபாவில் நடைபெற்ற கேமல் டிராபி காட்டுப் பயணமும், 1997இல் நம் நாட்டில் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியும் இளைஞர்களின் ஆர்வத்தைத் தூண்டின. வண்டியை 2 அங்குலமோ 4 அங்குலமோ உயர்த்தி, பெரிய டயர் பூட்டி, சேற்றிலும் நீரிலும் ஓட்டும் வழக்கம் பரவியது.

உயர்த்துவதில் நன்மை இல்லாமலில்லை. கல்லும் கட்டையும் வண்டியின் அடியில் இடிக்கா. ஓடையைக் கடக்கையில் இயந்திரத்துள் நீர் புகும் அபாயமும் குறையும். ஆனால் தோட்டத்து வண்டி மண் சடக்கில் மட்டும் ஓடுவதில்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் பட்டணத்திற்கும் அது நெடுஞ்சாலை வழியே சென்றாக வேண்டும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் மறைந்து கிடக்கும் குறை, 90 கிலோமீட்டர் வேகத்தில் வெளிப்பட்டுவிடுகின்றது.

ஓர் இளைஞரின் அனுபவம்

செராஸ் வட்டாரத்துப் பட்டறை ஒன்றில் நாம் சந்தித்த இளைஞர் ஒருவரின் அனுபவத்தைக் கூறுவோம். அவருடைய பெற்றோர் இருவரும் பால் மரம் வெட்டி அவரை வளர்த்தவர்கள். தாயாருக்கு இப்பொழுது சிறுநீரகம் பழுதுபட்டு, வாரத்தில் மூன்று நாட்கள் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்ல வேண்டிய நிலை. தோட்டத்திற்கும் தார்ச் சாலைக்கும் இடையே ஓர் ஓடை. பெருமழை பெய்தால் ஓடை சடக்கின்மீது ஏறிவிடும். அன்று சிகிச்சை தவறிவிடும்.

இதற்காகவே அவர் பழைய லேண்ட்குரூசர் 80 வகை வண்டியொன்றை வாங்கி, ஸ்பிரிங்கை மாற்றி 2 அங்குலம் உயர்த்தினார். ஓடை அதன்பின் தடையாக இருக்கவில்லை. ஆனால் நெடுஞ்சாலையில் ஏறியதும் வேறொரு தொல்லை தொடங்கிற்று. வண்டி ஒரு கணம் இடப்பக்கம் நகரும். திருப்பினால் வலப்பக்கம் நகரும். கையைத் தளர்த்தினால் ஸ்டீரிங் தானாக நடுநிலைக்குத் திரும்புவதில்லை. பக்கத்தில் கனரக லோரி கடந்து சென்றால் வண்டி அதன் காற்றுக்கே அசைந்தது. “ஓடை பயமுறுத்தவில்லை ஐயா, தார்ச் சாலைதான் பயமுறுத்துகிறது” என்று பின்னிருக்கையிலிருந்து தாயார் கூறுவாராம்.

இளைஞர் வாளாவிருக்கவில்லை. முதலில் புதிய டயர்களை வாங்கினார். குறை தீரவில்லை. அடுத்து, யாரோ கூறியது கேட்டு, ஸ்டீரிங் டேம்பர் எனப்படும் அதிர்வு தாங்கியை மாற்றினார். ஸ்டீரிங் சற்றுக் கனத்தது, தடுமாற்றம் நிற்கவில்லை. மூன்றாவதாக ஸ்டீரிங் பெட்டியின் திருகாணியை இறுக்கச் செய்தார். முன்னைக்காட்டிலும் மோசமாயிற்று. கையிருப்பு கரைந்ததே தவிரக் காரணம் புலப்படவில்லை.

அந்த அச்சம் வீணானதன்று என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு வினாடிக்கு 25 மீட்டர் ஓடுகின்றது. அதன் போக்கு ஒரே ஒரு பாகை விலகினால், ஒரு வினாடியில் ஏறத்தாழ 44 சென்டிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்துவிடும். இரண்டு வினாடியில் ஏறத்தாழ 90 சென்டிமீட்டர். மூன்றரை மீட்டர் அகலமுள்ள தடத்தில், இரண்டு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலமுடைய வண்டிக்கு இருபுறமும் எஞ்சியிருப்பது அவ்வளவே. ஓட்டுநர் இரண்டு வினாடி கவனம் தவறினால் வண்டி அடுத்த தடத்தில் நிற்கும். நீண்ட வேலைக்குப் பின் களைத்து வரும் ஓட்டுநர், வழி முழுதும் ஸ்டீரிங்கோடு போராட வேண்டியிருப்பது எத்துணை ஆபத்தானது என்பதை எண்ணிப் பாருங்கள்.

சைக்கிள் கற்பிக்கும் பாடம்

காரணத்தை அறிந்துகொள்ள நமக்குப் பழக்கமான சைக்கிளிடமே செல்வோம். பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்கள் இங்குப் பலர் இருப்பீர்கள். சைக்கிளின் முன் கவையைக் கூர்ந்து நோக்குங்கள். அது செங்குத்தாக நிற்பதில்லை; அதன் மேற்பகுதி ஓட்டுநரை நோக்கிப் பின்புறம் சாய்ந்திருக்கும். கைப்பிடி திரும்பும் அந்த அச்சுக்கோட்டைக் கீழ்நோக்கி நீட்டினால், டயர் தரையைத் தொடும் இடத்திற்குச் சற்று முன்னால் அது தரையைத் தொடும். அதாவது, திரும்பும் புள்ளி முன்னே செல்ல, டயர் அதன் பின்னே இழுபட்டு வருகின்றது. கயிற்றைப் பிடித்து முன்னே நடந்தால் கன்று பின்னே நேராகத் தொடர்ந்து வரும். பின்னாலிருந்து தள்ளினாலோ அது கண்ட பக்கம் ஓடும். ஓடுகின்ற சைக்கிள், கையை விட்ட நிலையிலும் சிறிது தூரம் நேராகச் செல்வதற்கு இந்த அமைப்பு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும்.

ஜீப் வண்டியின் முன் சக்கரங்களும் இவ்வாறே அமைக்கப்பட்டுள்ளன. சக்கரம் திரும்பும் அச்சின் மேல்முனை சற்றுப் பின்புறம் சாய்ந்திருக்கும். பட்டறையில் இதனைக் ‘காஸ்டர்’ என்பர். நாம் இதனைச் ‘சாய்மானம்’ என்று வழங்கலாம். வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நடுநிலைக்குத் திரும்புவதும், நேர்ச் சாலையில் வண்டி தன் வழியைத் தானே பிடித்துக்கொள்வதும் இந்தச் சாய்மானத்தின் பணியே. இதன் அளவு மிகச் சிறியது. லேண்ட்குரூசர் 80, லேண்ட்ரோவர் டிஃபெண்டர் போன்ற வண்டிகளில் ஏறத்தாழ 3 பாகைதான். கண்ணுக்குப் புலப்படாத இந்த 3 பாகையில்தான் வண்டியின் நேர்மை அடங்கியுள்ளது.

உயர்த்தும்போது நிகழ்வது என்ன?

மேற்கூறிய வண்டிகளில் முன்னச்சு இருபுறமும் ஒவ்வொரு நீண்ட கையால் வண்டியின் சட்டத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். அக்கைகள் முன்னச்சோடு இறுகப் பிணைந்தவை. பின்முனையிலோ சட்டத்தில் ரப்பர் புஷ்ஷில் அமர்ந்து அசையக்கூடியவை. ஸ்பிரிங்கை மாற்றி உடலை உயர்த்தும்போது சட்டம் மேலே செல்கின்றது. அதனோடு கையின் பின்முனையும் மேலே செல்கின்றது. முன்னச்சோ தரையிலுள்ள சக்கரத்தோடு கீழேயே நிற்கின்றது. ஆகவே கை முழுவதும் முன்னோக்கிச் சரிந்து, அதனோடு பிணைந்த முன்னச்சும் முன்புறம் சுழல்கின்றது. பின்புறம் சாய்ந்திருக்க வேண்டிய அச்சுக்கோடு நிமிர்ந்துவிடுகின்றது.

எவ்வளவு நிமிரும்? கையின் நீளம் 1 மீட்டர் என்று கொண்டால், 5 சென்டிமீட்டர், அதாவது 2 அங்குலம் உயர்த்தும்போது முன்னச்சு 3 பாகைக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும். இருந்ததே 3 பாகை. இழந்ததும் ஏறத்தாழ 3 பாகை. எஞ்சியது என்ன? 4 அங்குலம் உயர்த்தினால் சாய்மானம் எதிர்ப்புறமாகவே மாறிவிடும். அப்பொழுது சக்கரம் பின்னே இழுபட்டு வராமல், முன்னே தள்ளப்பட்டுத் தன் விருப்பம்போல் திரும்ப முயலும். நம் இளைஞரின் வண்டிக்கு நேர்ந்தது இதுவே. டயரோ டேம்பரோ இதற்குப் பொறுப்பன்று.

பட்டை ஸ்பிரிங் கொண்ட பழைய வண்டிகளில் கதை சற்று வேறு. அங்கு ஸ்பிரிங்கின் ஒரு முனை நிலையாகவும் மறுமுனை ஷேக்கிள் எனப்படும் தொங்கு தகட்டிலும் இருக்கும். சிலர் மலிவான வழியென்று ஷேக்கிளை மட்டும் நீளமாக்கி வண்டியை உயர்த்துவர். அந்த ஷேக்கிள் ஸ்பிரிங்கின் முன்முனையில் இருந்தால், முன்முனை தாழ்ந்து, முன்னச்சு முன்புறம் சரிந்து, சாய்மானம் குறையும். பின்முனையில் இருந்தால் சாய்மானம் கூடும்; ஆனால் முன் புரொப்பெல்லர் தண்டின் கோணம் கெடும். எனவே ஒரு வண்டிக்குப் பொருந்திய வைத்தியம் மற்றொரு வண்டிக்குப் பொருந்தாது.

செலவில்லாச் சோதனைகள் முதலில்

வண்டி தடுமாறியதும் உதிரிப் பாகம் வாங்க ஓட வேண்டாம். முதலில் செலவில்லாச் சோதனைகளைச் செய்து பாருங்கள்.

முதலாவது, டயரின் காற்று. சேற்றில் பிடிப்பு வேண்டிக் காற்றைக் குறைத்தவர்கள், தார்ச் சாலைக்கு வந்ததும் மீண்டும் நிரப்ப மறப்பதுண்டு. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் நெளிந்து வண்டியை ஆட்டும். கரடுமுரடான பொத்தான்கள் கொண்ட சேற்று டயர்களும் தார்ச் சாலையில் ஓரளவு நெளியும் இயல்புடையவை.

இரண்டாவது, தளர்ச்சி. இயந்திரத்தை ஓடவிட்டு ஒருவர் ஸ்டீரிங்கை இருபுறமும் சிறிதளவு அசைக்க, மற்றொருவர் முன்புறம் குனிந்து ஒவ்வொரு மூட்டாகக் கவனிக்க வேண்டும். கியரை நடுநிலையில் வைத்து, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்குக் கட்டையும் வைத்த பிறகே இதனைச் செய்ய வேண்டும். டை ராடு முனைகள், ஸ்டீரிங் பெட்டி பூட்டியிருக்கும் ஆணிகள், கைகளின் புஷ்கள் ஆகியவற்றில் எங்கேனும் ஒன்று அசைந்து மற்றொன்று அசையாதிருந்தால், தளர்ச்சி அவ்விடத்தில் உள்ளது. அதன்பின் சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கியின்மீது நிறுத்தி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் பேரிங்கின் தளர்ச்சி தெரியும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எவரும் செல்லலாகாது.

மூன்றாவது, சக்கரங்களின் முன்பொருத்தம். இரு முன் சக்கரங்களின் முன்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் பின்விளிம்புகளுக்கு இடையிலுள்ள தூரத்தையும் அளந்து பாருங்கள். பெரும்பாலான இவ்வகை வண்டிகளில் முன்தூரம் சில மில்லிமீட்டர் குறைவாகவோ சமமாகவோ இருக்க வேண்டும். முன்தூரம் அதிகமாக இருந்தால் சக்கரங்கள் வெளிநோக்கி விரிந்து நிற்கின்றன என்பது பொருள். அதுவும் தடுமாற்றத்திற்குக் காரணமாகும்.

குறையின் சாயலும் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். எப்பொழுதும் ஒரே பக்கம் இழுத்தால் டயர் காற்றையோ பிரேக்கையோ ஐயுற வேண்டும். மேடு பள்ளத்தில் மட்டும் திரும்பினால் ஸ்டீரிங் தண்டுகளின் கோணத்தை நோக்க வேண்டும். முன்புறம் முழுதும் உதறி நடுங்கினால் எங்கோ தளர்ச்சி உள்ளது. நேர்ச் சாலையில் இருபுறமும் அலைந்து, வளைவுக்குப் பின் ஸ்டீரிங் தானாகத் திரும்ப மறுத்தால், அது பெரும்பாலும் சாய்மானக் குறைவே. உயர்த்திய பிறகு இக்குறை தோன்றியிருப்பின் ஐயம் மேலும் வலுப்படும்.

சரிசெய்யும் முறை

இச்சோதனைகளுக்குப் பின் வண்டியைச் சக்கர அமைப்பு அளக்கும் பட்டறைக்குக் கொண்டுசென்று, சாய்மானத்தை அளக்கச் செய்து, எண்களைத் தாளில் எழுதி வாங்குங்கள். அளக்காமல் பாகத்தை மாற்றுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

கைகளால் பிணைக்கப்பட்ட முன்னச்சுக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, துளை நடுவில் இல்லாது ஒதுங்கியிருக்கும் சிறப்புப் புஷ்களைக் கைக்கும் அச்சுக்கும் இடையே பொருத்துதல். துளை ஒதுங்கிய அளவுக்கு முன்னச்சு பின்புறம் சுழன்று, இழந்த சாய்மானத்தில் ஒரு பகுதி மீளும். 2 அங்குல உயரத்திற்குப் பெரும்பாலும் இதுவே போதுமானது. மற்றொன்று, கையின் பின்முனை அமரும் இடத்தைத் தாழ்த்தும் உறுதியான இரும்புத் தாங்கிகளைச் சட்டத்தில் பூட்டுதல். மூன்றாவது, கோணம் திருத்தி வார்க்கப்பட்ட புதிய கைகளையே பொருத்துதல். உயரம் மிகும்போது பின்னிரண்டுமே ஏற்றவை.

இங்கு ஓர் எச்சரிக்கை. முன்னச்சைச் சுழற்றும்போது அதனோடு புரொப்பெல்லர் தண்டு சேரும் மூக்கும் கீழ்நோக்கிச் சாயும். அளவு மீறினால் தண்டின் மூட்டுகள் அதிர்ந்து தேயும். சாய்மானத்தைத் திருத்தும் ஆசையில் மற்றொரு நோயை வரவழைத்தல் ஆகாது. உயரம் கூடக்கூட இவ்விரண்டையும் ஒருங்கே காப்பது கடினமாகும். அளவோடு உயர்த்துவதே அறிவுடைமை.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில், அச்சு ஸ்பிரிங்கில் அமரும் இடத்தில் ஆப்பு வடிவ இரும்புத் தகடு வைத்துச் சாய்மானத்தைத் திருத்துவர். அதன் தடித்த பக்கம் முன்னாலா பின்னாலா என்பதை வண்டியின் அமைப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். திருப்பி வைத்தால் குறை இரட்டிப்பாகும். நடு ஆணியும் யு வடிவ ஆணிகளும் போதிய நீளம் உடையனவாக இருத்தல் வேண்டும்.

இன்றைய ஹைலக்ஸ் போன்ற பிக்கப் வண்டிகளில் முன் சக்கரங்கள் தனித்தனியே அசைபவை. அவற்றை உயர்த்தினால் சாய்மானத்தோடு சக்கரத்தின் நிமிர்வும் முன்பொருத்தமும் சேர்ந்தே மாறும். சிறிய அளவு உயர்த்தியிருந்தால், உள்ள திருத்தாணிகளைக் கொண்டே பட்டறையில் சரிசெய்யலாம். அவை எல்லையை எட்டிவிட்டால், மேற்கையை மாற்ற வேண்டியிருக்கும்.

பக்கவாட்டுத் தண்டை மறவாதீர்

சாய்மானம் திருந்திய பின்னும் ஸ்டீரிங் சக்கரம் கோணலாக நிற்பதாகச் சிலர் கூறுவர். அதற்குக் காரணம் பான்ஹார்ட் ராடு எனும் பக்கவாட்டுத் தண்டாகும். அதன் ஒரு முனை சட்டத்திலும் மறுமுனை முன்னச்சிலும் பூட்டப்பட்டு, அச்சு இடம் வலமாக நகராமல் காக்கின்றது. வண்டி உயர்ந்ததும் இத்தண்டின் சரிவு மிகுந்து, முன்னச்சை ஒரு புறமாக இழுத்துவிடும். நீளத்தைத் திருத்தக்கூடிய தண்டைப் பொருத்தி அச்சை மீண்டும் நடுவில் நிறுத்தலாம்.

ஸ்டீரிங் பெட்டியிலிருந்து சக்கரத்திற்குச் செல்லும் டிராக் லிங்க் தண்டும் இப்பக்கவாட்டுத் தண்டும் ஏறக்குறைய ஒரே சரிவில், ஒன்றுக்கொன்று இணையாக இருத்தல் வேண்டும். இரண்டும் ஒருசேர ஏறி இறங்கினால் தொல்லையில்லை. ஒன்றின் முனையை மட்டும் தாழ்த்தி மற்றதை விட்டுவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி தானே திரும்பும். கோயில் தேரின் இரு வடங்களையும் ஒருசேர இழுத்தால்தான் தேர் நேராக ஓடும் என்பதை நாம் அறிவோமன்றோ?

செய்யத் தகாதவை

ஸ்டீரிங் டேம்பர் அதிர்வைத் தாங்கும், கோணத்தைத் திருத்தாது. தளர்ந்த மூட்டையும் இழந்த சாய்மானத்தையும் அது சிறிது காலம் மறைத்து வைக்கும், அவ்வளவே. காய்ச்சலுக்குக் காரணம் அறியாமல் நெற்றியில் பற்றுப் போடுவதைப் போன்றது இது.

ஸ்டீரிங் பெட்டியின் திருகாணியை அளவுக்கு மீறி இறுக்குவது இன்னும் தீங்கானது. பெட்டியின் பற்கள் ஒன்றையொன்று நெருக்கி, ஸ்டீரிங் தானாகத் திரும்புவதைத் தடுத்துவிடும். சக்கரம் திரும்பும் மேல், கீழ்ப் பேரிங்குகளை மிகையாக இறுக்கினாலும் இதே விளைவுதான். இளைஞரின் வண்டி திருகாணியை இறுக்கிய பிறகு மோசமானதற்குக் காரணம் இப்பொழுது விளங்கும்.

நம் கைப்பாலில் விளைந்த புஷ்

இவ்விடத்தில் நமக்குப் பெருமை தரும் செய்தி ஒன்றைக் கூறாமல் இருக்க இயலாது. வண்டியின் கைகளையும் தண்டுகளையும் தாங்கும் புஷ்களில் பெரும்பாலானவை இயற்கை ரப்பரைக் கொண்டு செய்யப்படுபவை. விடியுமுன் எழுந்து, பட்டை சீவி, கோப்பையில் சேர்த்த பாலே அங்கு வேலை செய்கின்றது. இயற்கை ரப்பரை இழுக்கும்போது அதன் இழைகள் ஒழுங்காக அணிவகுத்து உறுதி பெறுகின்றன. அதனால் கோடிக்கணக்கான முறை நெளிந்தும் எளிதில் கிழிவதில்லை.

ஆனால் அதற்கும் பகை உண்டு. எண்ணெயும் கிரீஸும் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். எண்ணெய்க் கசிவை உடனே நிறுத்துங்கள். மற்றொன்றும் மிக முக்கியம். ரப்பரும் இரும்பும் ஒட்டிய புஷ்களின் ஆணிகளை, சக்கரம் தொங்கும் நிலையில் இறுதியாக இறுக்கக் கூடாது. அவ்வாறு செய்தால் வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாக முறுக்கப்பட்டு விரைவில் கிழியும். வண்டி தன் முழுப் பாரத்தோடு நான்கு சக்கரங்களிலும் நிற்கும்போதே அவ்வாணிகளை இறுக்க வேண்டும். உயரத்தை மாற்றிய வண்டியில், பழைய புஷ்களின் ஆணிகளையும் ஒருமுறை தளர்த்தி, புதிய உயரத்தில் மீண்டும் இறுக்குதல் நலம்.

பிரேக்கும் சட்டமும்

உயர்த்திய வண்டியில் பிரேக் குழாய்கள் நீளம் போதாமல் இழுபடுகின்றனவா என்று பாருங்கள். சில வண்டிகளில் பின்புறப் பாரத்தைப் பொறுத்துப் பின் பிரேக்கின் வலிமையை மாற்றும் வால்வு உண்டு. உடல் உயர்ந்ததும் வண்டியில் பாரமில்லையென அது தவறாகக் கொண்டு பின் பிரேக்கைக் குறைத்துவிடும். அதனையும் திருத்த வேண்டும். முன்விளக்குகளைத் தாழ்த்தாவிடில் எதிரே வருபவரின் கண் கூசும். உயர்ந்த வண்டி வளைவில் கவிழும் வாய்ப்பும் முன்னைக்காட்டிலும் மிகுதி என்பதை மறக்கலாகாது.

1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதிவு செய்த வண்டியின் அமைப்பை நம் விருப்பம்போல் மாற்ற இயலாது. உயர்த்த எண்ணுவோர் வேலை தொடங்குமுன்னரே சாலைப் போக்குவரத்து இலாகாவை அணுகி, அனுமதியும் பரிசோதனையும் பற்றிக் கேட்டறிய வேண்டும். காப்புறுதி நிறுவனத்திற்கும் தெரிவித்தல் அவசியம். விபத்துக்குப் பின் இவற்றைத் தேடுவதால் பயனில்லை.

தோட்ட வண்டியில் வேலைக்குச் செல்லும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓட்டுநர் நேர்ச் சாலையிலும் ஓயாமல் ஸ்டீரிங்கைத் திருப்பிக்கொண்டே இருப்பதைக் கண்டால் வாய்மூடி இருக்க வேண்டாம். அவரிடமும் மேற்பார்வையாளரிடமும் கூறுங்கள். அது குறை கூறுவதன்று; கடமையைச் செய்வது. 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் பாதுகாப்பான சாதனங்களை அளிக்கும் பொறுப்பை முதலாளிமீது சுமத்தியுள்ளது. 2024 ஜூன் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, வேலையில் உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பும் தொழிலாளி அதனை முதலாளிக்குத் தெரிவித்தும் நடவடிக்கை எடுக்கப்படாவிடில், அவ்வாபத்திலிருந்து விலகும் உரிமை அவருக்கு உண்டு.

நிறைவாக

நம் இளைஞரின் கதையை முடித்துவிடுவோம். அந்தப் பட்டறையின் முதிய போமன் புதிதாக எதனையும் விற்க முயலவில்லை. முதலில் கோணத்தை அளந்தார். சாய்மானம் பூஜ்யத்தை ஒட்டி நின்றது. துளை ஒதுங்கிய புஷ்களைப் பொருத்தினார். பக்கவாட்டுத் தண்டைத் திருத்தி அச்சை நடுவில் நிறுத்தினார். இறுக்கிய திருகாணியைப் பழைய நிலைக்குத் தளர்த்தினார். வண்டியைத் தரையில் நிறுத்தி ஆணிகளை இறுக்கினார். மீண்டும் அளந்தபோது சாய்மானம் திரும்பியிருந்தது. முன்னர் மூன்று முறை செய்த செலவைக்காட்டிலும் இச்செலவு குறைவே என்று இளைஞர் கூறினார்.

அடுத்த சிகிச்சை நாளன்று ஓடையைக் கடந்து, செராஸ்–காஜாங் நெடுஞ்சாலையில் ஏறிய சிறிது நேரத்தில் பின்னிருக்கையில் பேச்சொலி நின்றுவிட்டதாம். திரும்பிப் பார்த்தால் தாயார் அயர்ந்து உறங்கிக்கொண்டிருந்தாராம். வண்டி சரியாகிவிட்டது என்பதற்கு அதனைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே தோழர்களே, வண்டியை உயர்த்துவோர் உயர்த்துக. ஆயின் உயர்த்திய அளவுக்கு அதன் கோணத்தையும் திருத்துக. அளந்து அறிந்து, காரணத்தைக் கண்டு, ஒவ்வொன்றாகச் சரிசெய்க. உங்கள் பயணம் யாவும் நேராகவும் நலமாகவும் அமைய வேண்டுமென வாழ்த்தி விடைபெறுகிறோம்.